தாத்தா ஊர் சித்தூர், திருப்பதி பக்கமா? குடும்ப வரலாற்றை எந்த அலுவலகத்தில், எந்த நூலகத்தில் தேடலாம்?

"எங்க பூர்வீகம் சித்தூர் பக்கம்."

சென்னை, வேலூர், பெங்களூரு என்று எங்கே வேலை பார்த்தாலும், இப்படிச் சொல்லும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஆனால் அது எந்த கிராமம், கொள்ளுத் தாத்தாவின் பெயர் என்ன, அவர் ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினார் என்று கேட்டால், பெரும்பாலும் அதோடு கதை நின்றுவிடும்.

ஆர்வத்துக்காக மட்டும் இதைத் தேடுவதில்லை. பூர்வீகச் சொத்தில் பங்கு, வாரிசுச் சான்று, சாதிச் சான்று என்று பல தேவைகள் வருகின்றன. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் அப்பா, அம்மா பெயரைத் தேட வேண்டிய நிலை பலருக்கு வந்தது. குடும்பம் அப்போது ஆந்திராவில் இருந்திருந்தால், தேட வேண்டிய இடமும் மாறும்.

இந்தப் பகுதியின் ஆவணங்கள் ஒரே இடத்தில் இல்லை. எது எங்கே இருக்கிறது, எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

காப்பகத்துக்குப் போகும் முன், வீட்டில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து பேசுங்க. நான்கு விஷயங்கள் தெரிந்தால்தான் எந்த அலுவலகத்திலும் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதலாவது, கிராமத்தின் பெயர். "சித்தூர் பக்கம்" என்று சொன்னால் வேலைக்கு ஆகாது. கிராமமும் பழைய தாலுகாவும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, பெயரும் தகப்பனார் பெயரும். பழைய ஆவணங்களில் ஒருவரை இன்னார் மகன் இன்னார் என்றுதான் அடையாளம் காட்டியிருப்பார்கள்.

மூன்றாவது, தோராயமான வருடம். "நாடு சுதந்திரம் வாங்கறதுக்கு முன்னாடி", "அத்தை கல்யாணத்துக்கு அப்புறம்" என்று சொன்னாலும் எழுதி வெச்சுக்கோங்க. பத்து வருட இடைவெளிக்குள் சுருக்க முடிந்தாலே பாதி வேலை முடிந்தது.

நான்காவது, என்ன தொழில், சொந்த நிலம் இருந்ததா, எந்தக் கோவில் அல்லது எந்தச் சபை என்பது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

பீரோவில் இருக்கும் பழைய பத்திரம், கிஸ்தி ரசீது, கல்யாணப் பத்திரிகை, ஜாதக நோட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பேசும்போது செல்போனில் பதிவு செய்யுங்கள். ஒரு பாட்டி சொல்லும் ஊர்ப் பெயர், மூன்று மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஒரே ஊரின் ஆவணங்கள் ஏன் பல இடங்களில் இருக்கின்றன?

ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்துகொண்டே இருந்தது. இந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

1911 ஏப்ரல் 1-க்கு முன் சித்தூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. சித்தூர், பலமனேர், சந்திரகிரி ஆகியவை வட ஆற்காட்டில் இருந்து வந்தன. மதனப்பள்ளியும் வாயல்பாடும் கடப்பை மாவட்டத்தில் இருந்து வந்தன. கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, புங்கனூர் பகுதிகள் ஜமீன்களாக இருந்தவை.

1953 அக்டோபர் 1 வரை சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. அன்றுதான் ஆந்திர மாநிலம் பிறந்தது. எனவே அதற்கு முந்தைய அரசு உத்தரவுகளையும் வருவாய்த் துறைக் கோப்புகளையும் சென்னையில்தான் முதலில் தேட வேண்டும்.

1960 ஏப்ரல் 1 அன்று, பட்டாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணியும் அதை ஒட்டிய பகுதிகளும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்கு, அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. அதாவது, திருத்தணிக் குடும்பத்தின் 1930களின் ஆவணம் 'சித்தூர் மாவட்டம்' என்றும், சத்தியவேடு குடும்பத்தின் அதே காலத்து ஆவணம் 'செங்கல்பட்டு' என்றும் இருக்கும்.

1985இல் ஆந்திராவில் தாலுகாக்களுக்குப் பதிலாக மண்டலங்கள் வந்தன. பழைய பதிவேடுகள் தாலுகா பெயரில்தான் இருக்கும்.

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களில் இருந்து பிரித்து திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. கூடூர், வெங்கடகிரி, சூலூர்பேட்டை ஆகியவை நெல்லூரில் இருந்து இதில் சேர்ந்தன. அதே நாளில் மதனப்பள்ளி, பீலேரு பகுதிகள் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயின.

சுருக்கமாகச் சொன்னால், 'இப்போ எந்த மாவட்டம்' என்று கேட்பதைவிட, 'அந்த வருஷத்தில் எந்த மாவட்டம், எந்த தாலுகா' என்று கேட்பதுதான் சரி.

பெயரே மாறியிருந்தால்?

இந்த எல்லைப் பகுதியின் பெரிய சிக்கல் இதுதான். தமிழ்ப் பழக்கத்தில் அப்பா பெயர் இனிஷியலாகும். தெலுங்குப் பழக்கத்தில் இன்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர், முன்னால் வரும். ஒரே மனிதர் தமிழ்ப் பத்திரத்தில் ஒரு இனிஷியலோடும், தெலுங்கு அடங்கலில் வேறொரு எழுத்தோடும் இருக்கலாம். முருகேசன் 'முருகேசு' ஆகியிருப்பார், சுப்பிரமணி 'சுப்ரமண்யம்' ஆகியிருப்பார். பெயரை மட்டும் நம்பாமல், தகப்பனார் பெயரும் கிராமமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். பிரிட்டிஷ் காலத்து ஆங்கில ஆவணங்களில் திருப்பதி 'திரிபெட்டி' என்றும், காளஹஸ்தி 'காலாஸ்த்ரி' என்றும் வரும். வாயல்பாடு இன்று வால்மீகிபுரம். இணையத்தில் தேடும்போது இந்தப் பழைய உச்சரிப்புகளையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

நிலம் இருந்த குடும்பமா? பத்திரப் பதிவு அலுவலகம் போங்க

குடும்ப வரலாற்றுக்கு மிகவும் உதவுவது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் எல்லோரின் பெயரும், அவர்களின் தகப்பனார் பெயரும், சில நேரம் தாத்தா பெயரும் ஒரே தாளில் இருக்கும். கிரயப் பத்திரத்தில், சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். 'பிதுரார்ஜிதம்' என்று இருந்தால், யாரிடம் இருந்து வந்தது என்ற விவரமும் பெரும்பாலும் கூடவே இருக்கும்.

ஆந்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் 1983க்குப் பிந்தைய பதிவுகளுக்கு வில்லங்கச் சான்று எடுக்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு, அந்தக் கிராமம் எந்த சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று கண்டுபிடித்து நேரில் விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கே போய் எதைக் கேட்பது? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் 'புத்தகம் 1'-இல் நகலெடுத்து வைக்கப்படுகின்றன. அதற்குப் பெயர் வாரியாக ஓர் அட்டவணையும், சொத்து வாரியாக ஓர் அட்டவணையும் உண்டு. உரிய கட்டணம் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் இவற்றைப் பார்வையிடலாம், நகல் வாங்கலாம். உயில்கள் 'புத்தகம் 3'-இல் இருக்கும். உயில் எழுதியவர் இறந்த பிறகு, அதன் நகலுக்கு யாரும் விண்ணப்பிக்க முடியும். இந்த விதி பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு எச்சரிக்கை. நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சொத்து விற்பனையைப் பதிவு செய்வது கட்டாயமாக இருக்கவில்லை. அந்தக் காலத்தில் நூறு ரூபாய் பெரிய பணம். எனவே பத்திரம் இல்லை என்பதாலேயே நிலம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடங்கல், டைக்ளாட், இனாம் பதிவேடு: இவை என்ன?

அடங்கல் என்பது யார் நிலம், யார் பயிர் செய்கிறார், என்ன பயிர் என்று வருடாவருடம் எழுதும் கிராமக் கணக்கு. இன்றைய அடங்கலையும் 1-பி பதிவையும் ஆந்திர அரசின் மீபூமி இணையதளத்தில் பார்க்கலாம். பழையவற்றுக்குத் தாசில்தார் அலுவலகம் போக வேண்டும்.

நில அளவை, வரி நிர்ணயம் நடந்தபோது எழுதிய மூலப் பதிவேட்டை ஆந்திரப் பக்கம் ஆர்.எஸ்.ஆர். என்பார்கள். ஆங்கிலம், தெலுங்கு என இரு மொழியில் இருப்பதை 'டைக்ளாட்' என்பார்கள். சர்வே எண்ணுக்கு எதிரே அன்றைய பட்டாதாரர் பெயர் இருக்கும்.

இதைவிடப் பழையது இனாம் பதிவேடு. கோவில் பணி, தர்காப் பணி, சத்திரம், அக்ரகாரம் போன்ற காரணங்களுக்காக மானியமாகக் கொடுத்த நிலங்களை ஆராய 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. அது தயாரித்த பதிவேட்டில், மானியம் முதலில் யாருக்கு, யாரால் கொடுக்கப்பட்டது, அப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்ற விவரங்கள் வரும். உங்கள் முன்னோர் கோவில் அல்லது தர்கா மானியம் வைத்திருந்தால், ஒரே வரியில் இரண்டு மூன்று தலைமுறை கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஜமீன் கிராமங்களில் நிலைமை வேறு. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன், அங்கே குடியானவர்கள் வரி கட்டியது ஜமீனுக்கு. கார்வேட்டிநகரம், புங்கனூர், காளஹஸ்தி, குப்பம் பக்கத்து கங்குந்தி ஆகிய ஜமீன்களின் கிராமங்களில், அரசு பட்டா கணக்கு 1948க்குப் பிறகுதான் உருவாகிறது. அதற்கு முன்னால் தேடிக் கிடைக்கவில்லை என்றால், காரணம் இதுவாக இருக்கலாம்.

எங்க குடும்பத்துக்கு நிலமே இல்லையே?

காப்பகங்கள் நிலமும் பதவியும் இருந்தவர்களைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கின்றன. கூலி வேலை செய்தவர்கள், தலித் குடும்பங்கள், பெண்கள் ஆகியோரின் பெயர்கள் வேறு இடங்களில் கிடக்கின்றன. இவற்றை முயன்று பார்க்கலாம்.

டி.கே.டி. பட்டா: அரசுத் தரிசு நிலத்தை நிலமற்றவர்களுக்கு ஒப்படைத்தபோது கொடுத்தது. ஒப்படைப்புக் கோப்பு தாசில்தார் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு: பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சாதி, ஊர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். தாத்தா மூன்றாம் வகுப்போடு நின்றிருந்தாலும் அவர் பெயர் அதில் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள்.

தேவாலயப் பதிவேடு: ஸ்கட்டர் குடும்பத்தினர் 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனுக்குச் சித்தூர் ஒரு முக்கிய நிலையம். திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை பக்கம் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் 1865 முதல் வேலை செய்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளும் அந்தந்தச் சபையில்தான் முதலில் இருக்கும். ஆற்காடு மிஷன் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்தது. அதன் தாய்ச் சபையான அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் காப்பகம் நியூஜெர்சியில் உள்ள நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் மிஷன் ஆவணங்களுக்கான காப்பகம் உண்டு.

இன்றைக்கு இந்துக் குடும்பமாக இருந்தாலும் மிஷன் பள்ளியில் படித்தவர்கள், மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் நிறைய. அதனால் இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

பிறப்பு, இறப்புப் பதிவு எவ்வளவு பழையது?

சென்னை மாகாணத்துக்கு 1899இலேயே பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் 1969இல் வந்தது. கிராமங்களில் இந்தக் கணக்கை எழுதியவர்கள் பரம்பரைக் கிராம அதிகாரிகள். ஆந்திராவில் கர்ணம், முன்சீப் போன்ற இந்தப் பதவிகளை 1984இல் என்.டி.ராமராவ் அரசு ஒழித்தது. தமிழ்நாட்டில் 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. எனவே ஊருக்குப் போகும்போது, பழைய கர்ணம் வீட்டாரையும் ஒரு தடவை பார்த்துப் பேசுவது நல்லது. ஆவணம் இல்லாவிட்டாலும், எந்தக் குடும்பம் எந்தத் தெருவில் இருந்தது என்ற நினைவு அவர்களிடம் இருக்கும்.

நகரங்களில் நகராட்சி, மாநகராட்சி அலுவலகம். கிராமங்களில் பஞ்சாயத்து மற்றும் தாசில்தார் அலுவலகம். பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் இல்லாமல், 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருப்பது சகஜம். அப்பா பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

சென்னையில் எங்கெங்கே போகலாம்?

தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர்: பழைய 'மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்' இதுதான். 1909இல் இருந்து எழும்பூரில் இயங்குகிறது. 1953க்கு முந்தைய சென்னை அரசின் உத்தரவுகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், வட ஆற்காடு மாவட்டப் பதிவேடுகள், இனாம் பதிவேடுகள் ஆகியவற்றுக்கு இங்கேதான் வர வேண்டும். மதனப்பள்ளி, வாயல்பாடு குடும்பங்கள் கடப்பை மாவட்டப் பதிவேடுகளைக் கேட்க வேண்டும். இங்கே ஆள் பெயரை வைத்துத் தேட முடியாது. துறை, வருடம், உத்தரவு எண், கிராமம் என்றுதான் கேட்க வேண்டும். அடையாள அட்டையோடு போய், ஆய்வுக்கா, சான்றிட்ட நகலுக்கா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் விண்ணப்பம் வேறு.

கன்னிமாரா நூலகம், எழும்பூர்: 1896இல் திறக்கப்பட்டது. தாத்தா அரசு வேலையில் இருந்தாரா? பழைய செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ்களில் நியமனம், இடமாறுதல், ஓய்வு பற்றிய அறிவிப்புகள் வந்திருக்கும்.

அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம்: காலின் மெக்கன்சி (1754–1821) திரட்டிய உள்ளூர் வரலாறுகள், கைபீதுகள் இங்கே உள்ளன. தனி நபர் பெயரைவிட, உங்கள் ஊர், கோட்டை, பாளையக்காரர் பற்றிய கதை கிடைக்கலாம்.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தரமணி: பழைய தமிழ் அச்சு நூல்கள், இதழ்களுக்கு. சாதிச் சங்க மலர், கோவில் மலர் போன்றவற்றில் உங்கள் குடும்பப் பெரியவர் இருக்கலாம்.

போக முடியாதவர்கள், ஆர்தர் காக்ஸ் 1881இல் எழுதி, 1890களில் எச்.ஏ.ஸ்டூவர்ட் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை இணைய ஆவணக் களஞ்சியத்தில் இலவசமாகப் படிக்கலாம். குடும்பப் பெயர் இருக்காது. ஆனால் பஞ்சம், ஜமீன், தொழில், சாதிகள் பற்றிய பின்னணி கிடைக்கும். காலனிய அதிகாரியின் பார்வை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

திருப்பதி, சித்தூர், குப்பத்தில் என்ன இருக்கிறது?

திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1939இல் தொடங்கிய கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1954இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக நூலகமும் இருக்கிறது. சித்தூர் வட்டாரம் பற்றிய ஆய்வேடுகளைப் பார்க்க இது நல்ல இடம். உங்கள் ஊரைப் பற்றி யாரோ ஒருவர் ஏற்கெனவே எம்.பில். செய்திருக்கலாம்.

திருமலைக் கோவில் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை தமிழ். பல்லவ குலத்துச் சாமவை என்ற பெண் 966ஆம் ஆண்டில் கொடுத்த தானம் முதல் விஜயநகரக் காலம் வரை கொடையாளர் பெயர்கள் வருகின்றன. இவை ஊரின் வரலாறு. உங்கள் கொள்ளுத் தாத்தாவோடு இவற்றை நேராக இணைக்க முடியாது. அப்படி இணைத்துத் தருவதாக யாராவது பணம் கேட்டால் உஷாராக இருங்கள்.

மாவட்ட நூலகங்களை ஆந்திராவில் ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா நடத்துகிறது. பழைய பத்திரிகைகள், உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களுக்கு அங்கே கேளுங்கள். குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்த எல்லைப் பகுதியின் வரலாற்றுக்கு உதவும்.

ஹைதராபாத் போக வேண்டுமா? தார்நாகாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தின் புகழ்பெற்ற தொகுப்புகள் முகலாயர், நிஜாம் காலத்தவை. சித்தூரின் பிரிட்டிஷ் கால ஆவணங்களுக்கு எழும்பூரை முடித்த பிறகு அங்கே யோசிக்கலாம்.

கப்பல் ஏறிப் போனவர்களைத் தேட முடியுமா?

முடியும். இந்தியாவில் இருக்கும் உறவினரைவிட, கப்பல் ஏறிய கூலித் தொழிலாளரைக் கண்டுபிடிப்பது சில நேரம் சுலபம். 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்து போனவர்கள் அதில் கணிசம். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், அங்க அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இவற்றைத் தரவாகத் தொகுத்திருக்கிறது.

மொரிஷியஸ் சென்றவர்களின் பதிவுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. ஃபிஜிக்கு 1903 முதல் சென்னையில் இருந்து ஆள் போனார்கள். அவர்களின் பதிவுகளுக்கு ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகம். 1911க்கு முன் கிளம்பியவர் என்றால், மாவட்டம் என்ற இடத்தில் 'சித்தூர்' அல்ல, 'வட ஆற்காடு' என்று தேட வேண்டும்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பெயர் கிடைக்காதா?

கிடைக்காது. அமெரிக்கா, பிரிட்டனில் பழைய கணக்கெடுப்புத் தாள்களில் தாத்தா பெயரைத் தேடுவதுபோல இங்கே முடியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் வராது. மற்ற வருவாய்த் துறை ஆவணங்களுக்கு அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். கிராமம், சர்வே எண், வருடம் மூன்றையும் குறிப்பிட்டால்தான் 'விவரம் போதாது' என்ற பதில் வராது.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

2024 ஜூலை 21 இரவு, மதனப்பள்ளி சப்-கலெக்டர் அலுவலகத்தில் தீப்பிடித்தது. நிலம் தொடர்பான ஏராளமான கோப்புகள் எரிந்தன. சதியாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஆந்திர அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. காரணம் எதுவானாலும், ஒரே பிரதியாக இருந்த காகிதம் எரிந்தால் எரிந்ததுதான்.

தீ மட்டுமல்ல. கரையான், மழைநீர், அலுவலக இடமாற்றம், மாவட்டப் பிரிப்பு என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காணாமல் போகிறது. தமிழில் எழுதிய பழைய பத்திரங்களைச் சித்தூர் அலுவலகங்களில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைகிறார்கள். தெலுங்குக் கணக்கைச் சென்னைப் பேரப்பிள்ளைகளால் படிக்க முடிவதில்லை. தெலுங்கு தெரிந்த ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போவது, பல நேரம் வக்கீலைவிட உதவும்.

கிடைத்ததை எல்லாம் எந்த அலுவலகம், எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், எந்த தேதியில் பார்த்தது என்று குறித்து வையுங்கள். சான்றிட்ட நகல் கிடைக்கும் இடத்தில் அதையே வாங்குங்கள், செல்போன் படம் கோர்ட்டில் அதற்கு ஈடாகாது. ஸ்கேன் செய்து, உறவினர்கள் இரண்டு மூன்று பேரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

வாரக் கடைசியில் அலுவலகங்கள் மூடியிருக்கும். அந்த இரண்டு நாளில் செய்யக்கூடிய வேலை, ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கோ அத்தைக்கோ போன் போட்டு, அந்தக் கிராமத்தின் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதிக்கொள்வது. திங்கட்கிழமை எந்த அலுவலகத்துக்குப் போனாலும், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.